மிச்சம் விழுந்த நான்கு போல்ட்டுகள்

மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே பதினான்கு வயதுதான் ஆகிறது. கடல் கடந்து போகும் மகனுக்குத் தாய் ஒருத்தி எழுதும் கடிதம் என்று தமிழாசிரியர் கட்டுரைக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். நாற்பது வரிக்குக் குறையக் கூடாதாம். இந்தப் பக்கங்களை நான் அவரிடம் கொடுக்கப்போவதில்லை. ஆனால் வீட்டில் யாராவது விழித்துக்கொண்டு இந்நேரத்தில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், வீட்டுப்பாடம் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. டன்லப் தெருவில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் எங்கள் வீடு. துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கிறார்கள். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பயத்துக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை ஒரு போர் விமானம் மேலே ஏறப்போகிறது. அதன் இறக்கைக்கு அடியில் நான்கு போல்ட்டுகள் பழையவையாக இருக்கின்றன. அவை புதியவையாக இருந்திருக்க வேண்டும். பழையவையாக இருப்பதற்குக் காரணம் நான். இந்த நிமிடத்தில் இது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அப்பா, அதாவது உன் தாத்தா, நாங்கள் இருக்கும் இந்தத் தீவின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரர்களின் விமானத் தளத்தில் ஃபிட்டர். விடியுமுன் சிராங்கூன் சாலை முனையில் லாரி வந்து நிற்கும். சாப்பாட்டுக் கேரியரோடு ஏறிப் போவார். அவர் கை வைக்கும் விமானத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. தளத்துத் தமிழர்கள் அதை ‘ஒத்தையாள்’ என்பார்கள், ஒருவர்தான் உட்கார முடியும் என்பதால். ஒத்தையாள் ஒரே நாளில் முழுதாகச் செய்யப்பட்டது இல்லை என்று அப்பா சொல்வார். முதலில் செய்தபோது அதன் பீரங்கிகள் சுட்டால் எஞ்சினுக்கு மூச்சு அடைத்ததாம், வெடிமருந்துப் புகையை எஞ்சின் குடித்துவிட்டதால். அதைச் சரிசெய்தார்கள். பிறகு, ரவைகளைக் கோத்திருந்த இரும்புக் கண்ணிகள் வெளியே சிதறி வயிற்றுத் தகட்டில் அடித்தன. அவற்றைப் பிடித்துவைக்க முகவாய்க்குக் கீழே உப்பிய கன்னம் மாதிரி இரண்டு புடைப்புகள் வைத்தார்கள். வேகத்தைக் குறைக்க வழி போதவில்லை என்று வயிற்றுக்கு அடியில் திறந்து மூடும் ஒரு பலகை வந்தது. எண்ணெய் சீக்கிரம் தீர்ந்தது, இறக்கைகளின் கீழே தொட்டிகள் தொங்கின. எங்கள் ஊர் மாதிரி வெக்கையான இடங்களுக்கு அனுப்பும்போது, இறங்கியதும் விரிந்து இழுத்துப் பிடிக்க வால் பக்கம் ஒரு குடை, உள்ளே இருப்பவர் வெந்துபோகாமல் இருக்கக் குளிர்ந்த காற்று. இப்படி ஒவ்வொரு முறை திருத்தும்போதும் அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். மார்க் ஆறு, மார்க் ஒன்பது என்று. அப்பா வேலை செய்வது மார்க் ஒன்பதில்.

இந்த மார்க் என்ற சொல்லை அம்மா பள்ளிக்கூட மார்க் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் பொதுக் குழாயடியில் பக்கத்து அறை செல்லம்மாக்காவிடம் அவள் பேசியதை நான் வாளியோடு நின்று கேட்டேன். “எங்க வீட்டுக்காரரு கை வச்சா ஆறு மார்க் வாங்குன ஏரோப்ளேன் ஒம்போது மார்க் வாங்குது. இவளுந்தான் இருக்கா, கணக்குல நாலு” என்றாள். “பத்துக்குப் பத்து எப்ப வாங்குமாம்?” என்று செல்லம்மாக்கா கேட்டார். “அதுக்கு இன்னும் படிக்கணும்ல லா” என்றாள் அம்மா. அன்றிரவு இதைச் சொன்னதும் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. ஆனால் அவர் அவளைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

அப்பாவுக்குத் தமிழ் மெதுவாக வாசிக்க வரும். ஆங்கிலம் வராது. கருவிகளின் பெயரெல்லாம் ஆங்கிலத்தில் தண்ணீர் மாதிரி சொல்வார், எழுதிக் காட்டினால் தெரியாது. அங்கே ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தாள் வரும். எதைக் கழற்ற வேண்டும், எதை மாட்ட வேண்டும், எந்த வரிசையில் என்று அதில் இருக்கும். பல வருடங்களாக அதை அவருக்கு வாசித்துக் காட்டியவர் ஸ்டோரில் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணியார். சாமான் வாங்குவதுபோல் அப்பா போய் நிற்பார், அவர் தாழ்ந்த குரலில் வாசிப்பார், அப்பா மனதில் பதித்துக்கொண்டு வந்துவிடுவார். வெளியே தெரியாது. வேலை சுத்தம் என்று பெயர் எடுத்து மேல் கிரேடுக்கும் வந்துவிட்டார். சென்ற வருடம் கிராணியார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் கேரியரின் அடித்தட்டில், வாழையிலைக்குக் கீழே, நான்காக மடித்த ஒரு தாளோடு வந்தார். “பாப்பா, இதுல என்ன எழுதிருக்குன்னு பாரு” என்றார். தளத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே கொண்டுவரக் கூடாது. பிடிபட்டால் வேலை போவது மட்டும் இல்லை, உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று லாரியில் பேசிக்கொள்வார்களாம். அது எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் தாளைத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். மறுநாள் தாள் கேரியரிலேயே திரும்பிப் போய்விடும். “என் கிராணி இவதான்” என்று அப்பா அம்மாவிடம் சொல்வார்.

இனி நான் செய்த தப்பு. மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு தாள் வந்தது. ஒத்தையாளுக்கு இன்னும் பெரிய எண்ணெய்த் தொட்டி தொங்கவிடப் போகிறார்கள். அதைத் தாங்கும் சட்டத்தைப் பற்றிய தாள் அது. அதில் ஒரு வரி, நான்கு போல்ட்டுகளையும் ‘ரீப்ளேஸ்’ செய்க என்று இருந்தது. அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளி நூலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, வாசித்த புத்தகத்தை அலமாரியில் ரீப்ளேஸ் செய்க என்று. இருந்தாலும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். எடுத்த இடத்தில் திரும்ப வைத்தல் என்பதுதான் முதல் பொருள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அப்பா கோப்பியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணியார் இப்படி அகராதி புரட்டியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. மூடிவிட்டேன். ‘நான்கு போல்ட்டுகளையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கவும்’ என்று அழகாக எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அப்பா அப்படியே செய்தார். பழைய நான்கையும் எண்ணெய் போட்டுத் துடைத்து, எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில் மாட்டி முறுக்கினார். வேலையைச் சரிபார்க்கும் சார்ஜென்ட் வந்து பார்த்தார். தலையை மட்டும் பார்த்தால் பழசும் புதுசும் ஒரே மாதிரிதான், உள்ளே இரும்புதான் வேறு. பார்த்தாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயக் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாளோடு வந்த பொட்டலத்தில் மெழுகுக் காகிதம் சுற்றிய நான்கு போல்ட்டுகள் மிச்சம் விழுந்தன. “வெள்ளைக்காரன் எதையும் தாராளமாத்தான் அனுப்புவான்” என்று அப்பா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா, கடைக்குப் பின்னால் இருக்கும் மொட்டைமாடியில் வடகம் காயவைக்கும் துணி காற்றில் பறக்காமல் இருக்க, நான்கு மூலைக்கும் நான்கையும் வைத்தாள். கனமாக, கைக்கு அடக்கமாக இருந்தன. மூன்று வாரமாக அவை அங்கேதான் இருக்கின்றன. நீ எப்போதாவது ஒரு வேலையைப் பொட்டலம் பிரித்துச் செய்து முடித்த பிறகு கையில் ஏதாவது மிச்சம் இருந்தால், அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதே. அதை எதற்கு அனுப்பினார்கள் என்று ஒருமுறை கேள்.

இன்று மத்தியானம் ஆங்கில வகுப்பில் மிஸ் கரும்பலகையில் ஐந்து வாக்கியம் எழுதினார். கோடிட்ட சொல்லை வேறொரு சொல்லால் ரீப்ளேஸ் செய்யுங்கள் என்றார். நான் எழுந்து, அதே சொல்லையே திரும்ப எழுதுவதா மிஸ் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். “பழையதை எடுத்துவிட்டால் அது போனது போனதுதான், அந்த இடத்துக்குப் புதிது வர வேண்டும்” என்றார் மிஸ். நான் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு பலகையில் என்ன எழுதினார் என்று தெரியாது. வடகத் துணியின் நான்கு மூலைகள்தான் தெரிந்தன.

சாயங்காலம் அப்பா சந்தோஷமாக வந்தார். மற்ற வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டனவாம். நாளைக் காலை ஒத்தையாள் பெரிய தொட்டிகளை நிரப்பிக்கொண்டு முதல் தடவை ஏறுகிறதாம். சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அம்மா, “கிராணியாரு போனதும் உங்க பொழப்பு அவ்வளவுதான்னு பயந்தேன், இந்தப் புள்ள காப்பாத்திட்டா” என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். வாயை மூடிக்கொண்டேன். சொன்னால், அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதும் தாள் வெளியே போனது என்பதும் தெரிந்துவிடும். வேலை போகும், ஒருவேளை அதற்கு மேலும் நடக்கும். என் பள்ளிக்கூடம் அதோடு நின்றுவிடும். சொல்லாவிட்டால், பழைய போல்ட்டுகள் தாங்கினாலும் தாங்கலாம். அப்படித்தான் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். கடல் கடந்து போகும் மகன் என்று எழுதியதும் எனக்கு நினைவு வந்தது அந்த விமானிதான். அப்பா அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மீசை சரியாக முளைக்காதவர். ஏணியில் கால் வைக்கும் முன் விமானத்தின் மூக்கை இரண்டு தடவை தட்டுவாராம். வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு நீலக் கடிதம் வரும். இறக்கை நிழலில் உட்கார்ந்து வாசிப்பாராம். “அவங்க அம்மா எழுதுறது. பக்கம் பக்கமா எழுதுறாங்க. இவன் சிரிச்சுக்கிட்டே படிக்கிறான்” என்றார் அப்பா. ஆசிரியர் கொடுத்த தலைப்பில் இருக்கும் தாய் யார் என்று எனக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அப்படி ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாள். அவளுடைய மகன் நாளைக் காலை நான் எழுதிய தமிழின் மேல் உட்காரப் போகிறான். அதனால்தான் அந்தக் கட்டுரையை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஒரு சொல் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். தெரியும் என்று நினைத்தாலும் அடுத்த இரண்டு வரியையும் வாசி. யாராவது உன்னைப் புகழ்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மெதுவாக வாசி. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன். அகராதியிலேயே இருந்தது. விளக்கை அணைக்கப் போகிறேன். அப்பா எழுந்திருக்கும் முன் மொட்டைமாடிக்குப் போக வேண்டும்.

மேலே எழுதி ஒரு மாதம் ஆகிறது. மீதியையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று விடியுமுன் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவந்து அப்பாவின் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில், தட்டில் வைத்தேன். அவர் முகம் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். “என்ன பாப்பா, கோப்பிக்குத் தொட்டுக்கவா?” என்றார். “அப்பா, இது மிச்சம் இல்ல” என்றேன். “மிச்சம் இல்லாம?” “மாட்ட வேண்டியது. பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதைத்தான் மாட்டணும். நான் தப்பா எழுதிட்டேன்.” அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “டிக்‌ஷனரி பாத்துத்தானே எழுதுன?” “மொத அர்த்தம் மட்டும் பாத்தேன்.” “நெசமாத்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லு.” “நெசந்தான்பா.” நீல நோட்டைப் பிரித்து அந்த வரியை விரலால் தடவினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அம்மா எழுந்து வந்து, “ஏன் வடகத்துணி சுருண்டு கெடக்கு? யாரு எடுத்தா?” என்று கேட்டாள். அப்பா கோப்பியைக் குடிக்காமல் நான்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார். “இவ்வளவு நாளா எனக்கும் தோணல பாரு. கை நெறைய மிச்சம் விழுது, ஏன்னு ஒரு தடவை கேக்கல. கிரேடு ஏறுன மனுசன்” என்றார். பிறகு, “நீ ஸ்கூலுக்குப் போ. அழுதுக்கிட்டுப் போகாத” என்றார். படியில் இறங்கி, கடைகளுக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில் அவர் ஓடும் சத்தம் கேட்டது. அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

அன்று பள்ளியில் வானத்தில் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்தேன். எது எந்த விமானம் என்று எனக்குத் தெரியாது. மூன்று தடவை கேட்டது. மூன்றும் போய்விட்டுத் திரும்பிவந்தனவா என்று சொல்ல முடியவில்லை.

அப்பா லாரியில் வரவில்லை. பேருந்தில் பொழுது சாய்ந்த பிறகு வந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுச் சொன்னார். அவர் போய்ச் சேர்ந்தபோது ஏணி வைத்தாகிவிட்டது. விமானி மூக்கைத் தட்டிவிட்டார். அப்பா சார்ஜென்ட்டிடம் நான்கையும் நீட்டி, “சார், திஸ் நோ இன்சைட்” என்றாராம். சார்ஜென்ட்டுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினாராம். எல்லாம் நின்றது. “அந்தப் பய எறங்கி வந்து, இன்னிக்கும் போச்சான்னு தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சான். அப்புறம் பைக்குள்ளேர்ந்து லெட்டரை எடுத்துக்கிட்டு நெழலுக்குப் போயிட்டான்” என்றார் அப்பா. அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.

அப்பா மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தப்பாக வாசித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது போதும் என்று நான்கூட நினைத்தேன். ஆனால் அவர், “சார், ஐ நோ ரீட்” என்றார். அப்படியானால் யார் வாசித்தது என்று சார்ஜென்ட் கேட்டார். மகள் என்றார். என்ன வயது என்று கேட்டார். பதினான்கு என்றார். சார்ஜென்ட் கருவிப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு, அந்தச் சொல்லை ஒரு பதினான்கு வயதுப் பெண் தப்பாக எடுக்க முடியுமென்றால், அதை எழுதியவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று சொல்லி யாரையோ திட்டினாராம். அதற்காக அப்பாவை விட்டுவிடவில்லை. பெரிய அதிகாரி முன் மூன்று நாள் நிறுத்திவைத்தார்கள். ஜெயில் இல்லை. வேலையும் போகவில்லை. கிரேடு போனது. கருவி தொடக் கூடாது. இப்போது அவர் விமானங்களைக் கழுவுகிறார். குழாயடியில் அம்மா சொன்னது: “என்னமோ தப்பாப் போச்சாம், இவரோட மார்க்கைக் கொறைச்சிட்டாங்க.” செல்லம்மாக்கா, “ஒம்போதுலேர்ந்து ஆறா?” என்று கேட்டார். “அப்படித்தான் இருக்கும்” என்றாள் அம்மா.

என்னை யாரும் திட்டவில்லை. நான் இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தமிழாசிரியருக்கு நாற்பத்திரண்டு வரியில் வேறொரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு, பெரியவர்களை மதி என்று அதில் வரும். பத்துக்கு ஏழு போட்டார்.

நேற்று அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். உள்ளங்கையில் நீல மையில் ஆறு ஆங்கில எழுத்துகள். பார்த்துப் பார்த்து வரைந்தது, ஓர் எழுத்து திரும்பியிருந்தது. “இறக்கையைக் கழுவிக்கிட்டு இருந்தேன். சார்ஜென்ட் கூப்பிட்டாரு. அந்தத் தாளுல திருத்தம் போட்டு மறுபடி அனுப்பிருக்கானுங்க. அந்த போல்ட்டு வரியில வெரல வச்சு, உன் மகளுக்குச் சொல்லுன்னாரு. பேப்பரைக் கொண்டுவர முடியாதுல்ல. பேனா வாங்கி எழுதிக்கிட்டேன். என்ன எழுதிருக்கு?”

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இந்தத் தடவை அகராதியை எடுத்து, தெரிந்த சொல்லாக இருந்தும் எல்லா வரியையும் வாசித்தேன். அவர் கையை நீட்டியபடியே காத்திருந்தார்.

“ஃபிட் நியூ” என்றேன். “புதுசை மாட்டு.”

“வேற அர்த்தம் இருக்கா?”

“இந்த எடத்துல இல்லப்பா.”

அவர் தலையசைத்தார். “இதுல மொத எழுத்து எது, அதுலேர்ந்து ஆரம்பி” என்றார். ஆறையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். திரும்பியிருந்த எழுத்தை மட்டும் திருத்தி எழுதினேன். அம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். அப்பா எழுந்து போய், வலது கையை மட்டும் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.